வாழைப்பூ வடை எண்ணெயில் உதிர்ந்துபோகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். கடலைப்பருப்பை முதல்நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் மிக்ஸியில் அரைத்து, நறுக்கிய வாழைப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், சோம்பு, உப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து வைத்துவிட்டு, மற்ற சமையல் முடிந்த பிறகு வடை தட்டுவது என் வழக்கம். எண்ணெயில் போட்டதும் ஓரம் பிரிந்து, பருப்பு வேறு பூ வேறாக மிதக்கிறது. தப்பிய வடைகளோ எண்ணெய் குடித்திருக்கின்றன. அரிசி மாவைக் கூட்டினால் உதிர்வது நிற்கிறது; ஆனால் கடிக்க முடியாத அளவுக்குக் கடினமாகிவிடுகிறது. வீட்டில் எல்லாரும் பூவின் சுவைக்காகவே கேட்பதால் பூவைக் குறைக்க மனம் வரவில்லை. அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி:
வணக்கம் சகோதரி. பூவைக் குறைக்க வேண்டியதில்லை. மாவில் உள்ள நீரைத்தான் குறைக்க வேண்டும். கடலைப்பருப்புக்கு 2 மணி நேர ஊறல் போதும். இரவெல்லாம் ஊறிய பருப்பு நீரை மிகுதியாக வாங்கிக்கொள்வதால், அரைக்கும்போது எளிதில் குழைந்துவிடும். ஊறிய பருப்பை வடிதட்டில் கால் மணி நேரம் வைத்து, நீர் சேர்க்காமல், மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டிக் கொரகொரப்பாக அரையுங்கள். அதில் ஒரு கைப்பிடியை மட்டும் தனியே எடுத்து நைசாக அரைத்துக் கலந்தால், அந்த விழுதே மற்றதைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

உப்பை முன்கூட்டியே சேர்ப்பதுதான் இதில் பெரிய இடர். உப்பு பட்டதும் பூவும் வெங்காயமும் நீர் விடத் தொடங்கிவிடும் என்பதால், எண்ணெய் காய்ந்த பிறகே உப்பையும் வெங்காயத்தையும் கலக்குங்கள். பூவில் தீக்குச்சி போலத் தலை தடித்து நிற்கும் கள்ளனையும், அடியில் உள்ள மெல்லிய செதிலையும் நீக்குவது, அவை வேகாமல் நாக்கில் தட்டுப்படும் என்பதற்காக. நறுக்கிய பூ காற்றுப் பட்டுக் கறுக்காமலிருக்க நீர்மோரில் போடுகிறோம் அல்லவா, அந்த மோரை இரு கைகளாலும் இறுகப் பிழிந்த பிறகே மாவில் சேர்க்க வேண்டும். ஒரு கப் பருப்புக்கு, பிழிந்த பூ ஒரு கப் வரை தாங்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று கலந்த மாவு ஏற்கெனவே நீர்த்திருக்கிறது. அதை மீட்க முடியுமா?

இன்னொருவர் மறுமொழி:
முடியும். பொட்டுக்கடலையைப் பொடித்து 2 மேசைக்கரண்டி சேர்த்து, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்; அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அரிசி மாவைப் போல இறுக்கவும் செய்யாது. சோடா உப்பு மட்டும் வேண்டாம். வடை விரிந்து இன்னும் எண்ணெய் குடிக்கும்.

மேலே சொன்னவற்றோடு, எண்ணெயின் சூட்டையும் கவனிக்க வேண்டும். கிள்ளிப் போட்ட மாவு அடியில் தங்காமலும் உடனே சிவக்காமலும் எழும்பி வரவேண்டும். சூடு குறைந்தால் மேற்புறம் இறுகுவதற்குள் வடை பிரியும் என்பதால், ஒரே ஈட்டில் வாணலியை நிறைக்காமல், ஓரம் இறுகும் வரை கரண்டியால் தொடாமலிருங்கள். எடுத்த வடை ஆறத் தொடங்கும்போதுதான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. எனவே ஜல்லிக்கரண்டியிலேயே நன்றாக வடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் பரப்பி வையுங்கள். முதலில் ஒரே ஒரு வடையைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் உதிர்ந்தால், மீதி மாவைக் குழிப்பணியாரக் கல்லில் சிறிது எண்ணெய் விட்டுச் சுட்டெடுக்கலாம், வீணாகாது.