மில் விடுதி விவரம் வாங்க வழி தெரிந்தவர்கள் உதவுங்கள்

திருப்பூரில் 40 மெஷின் வைத்து டி-ஷர்ட் தைக்கிறோம். சரக்கு தருபவர்களிடம் தொழிலாளர் உரிமை மீறல் இருக்கிறதா என்று நிறுவனங்கள் கவனிக்க வேண்டும் என்று ஜெர்மனியில் 2023-இல் அமலுக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டத்தைச் சொல்லி, நூல் தரும் மில்லில் சம்பளம், வேலை நேரம், பெண்கள் விடுதி எப்படி என்று ஜெர்மன் பையர் கேட்கிறார். கெடு 3 வாரம்.

எங்கள் யூனிட்டுக்கு எஸ்ஏ 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் இருக்கிறது; அது மில்லுக்குச் செல்லாது. நூல் ஏஜென்ட் பில் நகலோடு நிறுத்திக்கொண்டார். வேடசந்தூர் பக்கமுள்ள மில்லுக்கு நேரிலேயே போனேன். விடுதிக்குள் விடவில்லை. கொடியில் காய்ந்த சின்னச் சின்னச் சுடிதார்களைப் பார்த்ததிலிருந்து, பையருக்காக இல்லாவிட்டாலும் எனக்கே தெரிந்தாக வேண்டும். மில்லை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் அந்தப் பிள்ளைகள் அங்கேயேதானே இருப்பார்கள்?

மில்லைச் சம்மதிக்க வைத்து, தொழிலாளர்களிடம் தனியாகப் பேசி விவரம் வாங்கிய சின்ன யூனிட்காரர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள்?