அப்பத்தா பிறந்த வருடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

உசிலம்பட்டிப் பேரன்:
வணக்கம். 2024 புரட்டாசியில் எங்கள் அப்பத்தா தவறினார். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு நோட்டீஸ் அடிக்கப் போகிறோம். 'தோற்றம்' என்ற இடத்தில் என்ன போடுவது என்று வீட்டில் பெரிய பேச்சாக இருக்கிறது. வாக்காளர் அட்டைக் கணக்குப்படி 1932. அதை வைத்துத்தான் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் வயது 92 என்று போட்டோம். ஆதாரிலோ 1940 ஜனவரி 1.

அப்பத்தா அடிக்கடி சொன்னது இது: "தாது வருசம் ஆடியில பொறந்தவ நான். காந்தி செத்த மறு வருசம் சடங்கானேன்." தாது வருடம் என்றால் அந்தப் பெரிய பஞ்சம், அவ்வளவு பழைய காலத்துக்கு எப்படிப் போகும் என்று பெரியப்பா அதைத் தள்ளிவிட்டார்.

எனக்கு இது வெறும் நோட்டீஸ் விஷயம் இல்லை. தாத்தா வைகை அணை கட்டும் இடத்தில் மண் வேலை பார்த்தவர். 1959இல் அணை திறந்தபோது பெரியப்பா கைக்குழந்தை. தாத்தா இறந்தபோது கடைசி அத்தை வயிற்றில் இருந்தார். அதற்கப்புறம் வீட்டை நிறுத்தியது அப்பத்தா ஒரே ஆள். விடியுமுன்னே மல்லிகை மொட்டுப் பறிக்கப் போவார். வெயில் ஏறுவதற்குள் பூ கமிஷன் கடைக்கு மூட்டை போய்ச் சேர வேண்டும். அது முடிந்ததும் களையெடுப்பு. பூ இல்லாத மார்கழியில் கிடைத்த கூலி வேலை.

அப்பா கல்லூரியில் சேர்ந்தபோது காதில் கிடந்த தண்டட்டியை விற்றார். வளர்த்த காது வெறுமனே தொங்கியது. பிற்பாடு அத்தைகள் தைத்துவிடலாம் என்று கூப்பிட்டும் போகவில்லை. "கெடக்கட்டும், எம்மகன் படிப்பு அதுலதான் தொங்குது" என்பார். இப்படி ஒரு மனுஷிக்குத் தப்பான வருடம் போட மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் வாத்தியார்:
தம்பி, அப்பத்தா சொன்னதுதான் சரி. தமிழ் வருடங்கள் 60, சுற்றிச் சுற்றி வரும். பஞ்சம் வந்த தாது 1876. அடுத்த தாது 1936 சித்திரையில் பிறந்தது. ஆகவே தாது ஆடி என்றால் 1936 ஜூலை, ஆகஸ்ட்.

சடங்குக் கணக்கையும் ஒட்டிப் பாருங்கள். காந்தி இறந்தது 1948 ஜனவரி, மறு வருடம் 1949. ஆதார்படி அப்போது 9 வயது, வாக்காளர் அட்டைப்படி 17. இரண்டும் பொருந்தி வரவில்லை. 1936 என்றால் 12 முடிந்து 13 நடக்கும். அணை திறந்தபோது 22 வயது, கையில் குழந்தை. எல்லாம் ஒத்துப்போகிறது. சான்று இல்லாமல் வயதை மட்டும் சொல்லிப் பதிந்தவர்களுக்கு ஆதாரில் பெரும்பாலும் ஜனவரி 1 என்றுதான் விழும். அதைப் பிறந்தநாளாக எடுக்காதீர்கள்.

திருமங்கலம் அக்கா:
படித்ததும் எங்கள் அம்மாச்சி ஞாபகம் வந்துவிட்டது, அவருக்கும் வளர்த்த காதுதான். தம்பி, 'அன்பின் சிகரம், பாசத்தின் இமயம்' என்று எல்லா நோட்டீஸிலும் இருப்பதைப் போடாதீர்கள். பூப் பறித்ததையும் தண்டட்டி விற்றதையும் உங்கள் நடையிலேயே நாலு வரி எழுதுங்கள். பெரியப்பாவையும் அத்தைகளையும் உட்கார வைத்துக் கேட்டு, போனில் பதிவும் செய்துகொள்ளுங்கள். தாத்தா இறந்தபின் அந்த முதல் வருடம் எப்படிக் கழிந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

உசிலம்பட்டிப் பேரன்:
வாத்தியார் ஐயா, ரொம்ப நன்றி. கணக்கைப் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவரே பேனாவை வாங்கி 'தோற்றம்: தாது வருடம், ஆடி மாதம், 1936' என்று எழுதிக் கொடுத்தார். அப்படியென்றால் அப்பத்தா போனது 88 வயதில்.

அக்கா, சின்ன அத்தையிடம் கேட்டேன். அந்த முதல் வருடம் பள்ளிக்கூட மதிய உணவை நம்பித்தான் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடாம். அப்பத்தா நீராகாரத்தோடு நிறுத்திக்கொள்வாராம், பெரியப்பா சொல்லித் தெரிந்ததாம். இதுவரை வீட்டில் யாரும் எங்களிடம் சொன்னதில்லை. நோட்டீஸில் இதையும் சேர்க்கிறேன்.