மறுபடி திறந்த தியேட்டரில் உள்ளூர் சுயாதீனப் படம்: காப்பி எப்படிக் கொடுப்பது?

கேள்வி:
ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த ஒற்றைத் திரை தியேட்டர் ஒன்று மறுபடி திறந்திருக்கிறது. மாதம் ஒரு மாலைக் காட்சியை உள்ளூர் இயக்குநர்களுக்குத் தரத் தயார் என்கிறார்கள். கையில் இருப்பது நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்த 90 நிமிடப் படம், ஸ்டீரியோ ஒலி, எம்பி4 ஃபைல். அதையே பென்டிரைவில் கொடுத்தால் போதுமா? ஹாலை வாடகைக்கு எடுப்பதா, வசூலில் பங்கு பேசுவதா?

பதில் 1:
போதாது. தியேட்டர் சர்வருக்கு (படத்தை ஏற்றி ஓட்டும் கருவி) டிசிபி, அதாவது டிஜிட்டல் தியேட்டருக்கான படக் காப்பி வடிவம், வேண்டும். டிசிபி-ஓ-மேட்டிக் இலவச மென்பொருள், அதிலேயே செய்துவிடலாம். ஆனால் எம்பி4-ஐ அதில் ஏற்றாதீர்கள். எடிட்டிலிருந்து ப்ரோரெஸ் ஃபைலும் (தரம் குறையாத எடிட்டிங் வீடியோ வடிவம்), 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஒலியும் (சுருக்காத ஒலி ஃபைல்) தனியாக எடுங்கள். திரை அளவு 2கே ஃப்ளாட் (சாதாரண அகலம்) என்றால் 1998×1080 பிக்சல், ஸ்கோப் (அதிக அகலம்) என்றால் 2048×858. உங்கள் 1920 அகலப் படத்தை ஃப்ளாட்டில் வைத்தால் பக்கத்துக்கு 39 பிக்சல் கறுப்பு வரும். யார் கண்ணுக்கும் தெரியாது, இழுத்து நிரப்ப வேண்டாம்.

ஃப்ரேம் 24-க்கு மாற்றிவிடுவதே பத்திரம், பழைய சர்வர்கள் 25-இல் தகராறு செய்யும். படம் 93 நிமிடம் 45 நொடியாக நீளும், குரல் ஒரு இழை தடிக்கும், அவ்வளவுதான்.

டிசிபிக்குப் பூட்டு (என்க்ரிப்ஷன்) போடாதீர்கள். அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி அந்த ஒரு சர்வருக்கும், குறித்த நேரத்துக்கும் மட்டுமே செல்லும். சர்வர் மாறினாலோ, காட்சி அந்த நேரம் தாண்டித் தள்ளிப்போனாலோ திரை கறுப்புதான். காப்பி கொடுக்கும் ஹார்ட் டிஸ்க்கை எம்பிஆர் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறை), எக்ஸ்ட் 2 அல்லது 3 (லினக்ஸ் ஃபைல் முறை) ஆக ஃபார்மேட் செய்யுங்கள். பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ஃபேட் பல சர்வர்களுக்குப் புரியாது. டிசிபி பட டேட்டாவின் உச்ச வேகமான 250 எம்பிபிஎஸ்-இல் (நொடிக்கு 250 மெகாபிட்) 90 நிமிடத்துக்கே சுமார் 169 ஜிபி ஆகும். பாதி வேகம் தாராளம்.

பதில் 2:
படத்தைவிட ஒலிதான் மானத்தை வாங்கும். ஸ்டீரியோவை அப்படியே விட்டால் ஓரத்து சீட்காரருக்கு வசனம் அந்தப் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தே கேட்கும். வசன டிராக்கைப் பிரித்து நடு ஸ்பீக்கரான சென்டருக்கு அனுப்பி 5.1 மிக்ஸ் (முன்னால் மூன்று, சுற்றி இரண்டு, பாஸுக்கு ஒன்று என ஆறு சேனல்) பண்ணுங்கள். ஆன்லைனுக்கு மிக்ஸ் செய்த ஒலி தியேட்டரில் காதைக் கிழிக்கும். ஆபரேட்டர் ஃபேடரை (ஒலி அளவுக் குமிழ்) வழக்கமான 7-லிருந்து 4-க்கு இறக்குவார், அதோடு மெல்லிய சத்தமெல்லாம் போச்சு. வசனம் மைனஸ் 27 எல்யுஎஃப்எஸ் (சத்த அளவின் அலகு) பக்கத்தில் இருக்கட்டும்.

ரொம்ப நாள் பூட்டியிருந்த ஹால் என்பதால் சரவுண்டில் (சுற்றுச் சுவர் ஸ்பீக்கர்கள்) பாதி ஊமையாக இருக்கலாம். பிங்க் நாய்ஸை (சோதனைக்கான இரைச்சல் ஒலி) ஒவ்வொரு சேனலாகப் போட்டுக் கேளுங்கள். புரொஜெக்டர் விளக்கு பழசென்றால் இருட்டுக் காட்சிகள் சேறாகிவிடும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் விளக்கைத் திட்டாதீர்கள். ஃபைலின் கறுப்பு-வெள்ளை அளவைக் குறிக்கும் ஃபுல் ரேஞ்ச், வீடியோ ரேஞ்ச் இரண்டும் மாறிப்போன குழப்பமாகத்தான் இருக்கும். இரண்டு நாள் முன்பே காப்பியை ஏற்றி, முதல் பத்து நிமிடமும் இருட்டான ஒரு பகுதியும் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
தமிழில் சப்டைட்டில் தனி ஃபைலாகக் கொடுக்கலாமா?

பதில் 1:
வேண்டாம், படத்திலேயே பதித்துவிடுங்கள். தனி ஃபைலாகக் கொடுத்தால் எழுத்தை வரைவது தியேட்டர் கருவி. அதற்குத் தமிழ் சரியாக வராவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

பதில் 3:
பணக் கணக்கு. வாடகை 60 டிக்கெட் விலைக்குச் சமம், பங்கு பாதிக்குப் பாதி என்று வையுங்கள். 120 டிக்கெட்டுக்கு மேல் போனால்தான் வாடகை லாபம், அதற்குக் கீழே பங்குதான். முதல் படத்துக்குப் பங்கே பேசுங்கள். சீட் நிரம்பினால் தனக்கும் காசு என்றால் முதலாளியே போஸ்டர் ஒட்டுவார், கேன்டீன் வருமானமும் அவருக்கே.

டிரெய்லரையும் தனி டிசிபியாகக் கொடுத்து, இரண்டு வாரம் முன்பிருந்தே பெரிய படங்களின் இடைவேளையில் போடச் சொல்லுங்கள். அந்த ஹாலுக்கு வந்து பழகிய ஆட்கள்தான் திரும்ப வருவார்கள், ஆன்லைன் லைக் டிக்கெட்டாக மாறுவது அபூர்வம். மாதாமாதம் ஒரே கிழமை, ஒரே நேரம் என்று எழுதி வாங்குங்கள். பெரிய படம் ரிலீஸானால் முதலில் தள்ளிப்போவது உங்கள் காட்சிதான், அதனால் மாற்றுத் தேதியும் அதே தாளில் இருக்கட்டும்.