டெக்சஸ் சொத்துவரி விலக்கு: 90 நாளில் முடிவு சொல்லாவிட்டால்?

வைகைக்கரையான்:
சொத்துவரி விலக்கு கேட்டு விண்ணப்பித்தால் கவுண்டி (மாவட்டம் மாதிரி) அப்ரைசல் ஆபீஸ், அதாவது சொத்து மதிப்பிடும் அலுவலகம், 90 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்று 2021இல் டெக்சஸில் சட்டத்தைத் திருத்தினார்கள். சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது. விலக்கு தானாகக் கிடைத்துவிடாது. நாம் மட்டும் வரி கட்டக் கடைசி நாளான ஜனவரி 31ஐத் தாண்டினால் மறுநாளே 6% அபராதம், 1% வட்டி. 90 நாள் தாண்டினால் விலக்கு கொடுத்ததாகவே கணக்கு என்று சட்டத்தில் எழுத வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
எழுதினால் முதலில் கொண்டாடுவது வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் ஹோம்ஸ்டெட் (சொந்தக் குடியிருப்பு) விலக்கு கேட்டுப் போடுகிற ஆட்கள்தான். குடியிருக்கும் ஒரே வீட்டுக்குத்தான் அது. பள்ளி வரியில் மட்டும் வீட்டு மதிப்பில் 1,40,000 டாலர் கழிகிறது. 2025 நவம்பர் வாக்கெடுப்புக்கு முன் 1,00,000. தப்பாக ஒன்று உள்ளே போய்விட்டால், சரிபார்க்க ஐந்து வருடம்வரை ஆகலாம். அந்தச் சுமை மற்றவர்கள் தலையில். தாமதமானாலும் விலக்கு எங்கும் போகாது, தம்பி. பில்லைத் திருத்துவார்கள், கட்டிய பணம் திரும்ப வரும்.

வைகைக்கரையான்:
"திரும்ப வரும்" என்பதை வரிப்பணத்தையும் வீட்டுக் கடன் தவணையோடு பேங்கிடமே கட்டும் எஸ்க்ரோ கணக்கு வைத்திருப்பவனிடம் சொல்லிப் பாருங்கள் அண்ணே. விலக்கில்லாத பில்லைப் பார்த்ததும் பேங்க் மாதத் தவணையை ஏற்றிவிடும். இறக்குவதற்கு நாம்தான் போன் போட்டுக் கெஞ்ச வேண்டும்.

கேட்டி அக்கா:
90 என்ற எண்ணில் எனக்குச் சண்டை இல்லை. அது எந்த நாளில் தொடங்குகிறது? விண்ணப்பம் போட்ட நாளில் அல்ல. தகுதி வந்த நாள், தேவையான தகவலை நாம் கொடுத்து முடித்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து. நம்மவர்கள் மாட்டுவது டிரைவர் லைசென்ஸில். அதில் இந்த வீட்டு விலாசமே இருக்க வேண்டும். பழைய அபார்ட்மென்ட் விலாசத்தோடு அனுப்பிவிட்டு 90 நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோம். (கிரீன் கார்டு இல்லாதவர்களுக்கு ஹோம்ஸ்டெட் கிடையாது என்று வாட்ஸாப்பில் சுற்றுவது சுத்தப் பொய்.)

கூடுதல் ஆவணம் வேண்டுமானால் விண்ணப்பித்த 30 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் கேட்க வேண்டும். அதன்பின் நமக்கு 30 நாள். நாம் தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி. அவர்கள் கேட்கத் தவறினால், போட்ட நாளிலேயே விண்ணப்பம் முழுமை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?

கணக்குப்பிள்ளை:
இது நியாயமான கோரிக்கை. ஆனாலும் முழுமையான விண்ணப்பம் வேறு, தகுதியான விண்ணப்பம் வேறு. 254 கவுண்டியிலும் ஹூஸ்டன் அளவுக்கு ஆள் இருக்கிறார்களா? கோயில், தர்ம ஸ்தாபனம் என்று வருகிற கோப்பில் ஒவ்வொரு இடமும் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். கெடுவுக்குப் பயந்தால் அதிகாரி எல்லாவற்றையும் நிராகரித்துவிட்டுப் போவார்.

கோயில் கமிட்டி ஆள்:
நிராகரிக்கட்டுமே சார்! அப்படிச் செய்தால் ஐந்து நாளுக்குள் காரணத்தோடு கடிதம் அனுப்ப வேண்டும். அதை வைத்து ஆட்சேபணைகளை விசாரிக்கும் ரிவ்யூ போர்டில் ஆட்சேபிக்கலாம். பதிலே வராதபோது எதை எதிர்த்துப் போவது? எங்களுக்கு வரவேண்டியது முழு விலக்கு. அதனால் கோப்பு தூங்கினால் முழு பில்லும் வந்து நிற்கும். பக்தர்கள் உண்டியலில் போட்டதை எடுத்துத்தான் கட்டினோம்.

கணக்குப்பிள்ளை:
மதிப்பீட்டு நோட்டீஸில் விலக்கைக் காணோம் என்றால் மே 15க்குள் போடுகிற ஆட்சேபணையிலேயே அதையும் சேர்த்துப் போடுங்கள். வழி இல்லாமல் இல்லை.

கேட்டி அக்கா:
விண்ணப்பிக்கக் கடைசித் தேதி ஏப்ரல் 30. அன்று எல்லாத் தாளோடும் போட்டவருக்கு 90 நாள் முடிவது ஜூலை 29. மே 15 அன்று அவர் "தாமதம்" என்று போய் நின்றால், இன்னும் நேரம் இருக்கிறது என்று அனுப்பிவிட மாட்டார்களா?

கணக்குப்பிள்ளை:
ஜனவரியிலேயே போடச் சொல்லித்தான் வருடா வருடம் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

வைகைக்கரையான்:
சட்டம் ஏப்ரல் 30 வரை கொடுக்கிறது. நீங்கள் ஜனவரி என்கிறீர்கள். ஆபீஸ் மட்டும் 90 நாளைத் தாண்டலாம். நல்லா இருக்கு அண்ணே உங்க கணக்கு.