காக்ஸ்-2 முட்டியில்தானே? பிரஷர் எதற்குப் பார்க்கணும்?

கடலூர்க்காரன்:
அப்பாவுக்கு 62 வயது, தேவனாம்பட்டினத்தில் வலை பின்னுகிறவர். நாள் முழுக்கக் காலை மடக்கி உட்கார்ந்து முட்டி வீங்கிவிட்டது. டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போட்டால் நெஞ்செரிச்சல். இப்போது டாக்டர் காக்ஸ்-2ஐ அடக்கும் எட்டோரிகாக்சிப் எழுதி, பிரஷரும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்கிறார். காக்ஸ்-2 வீக்கம் வந்தால்தான் உருவாகும் நொதி என்கிறார்களே, அதை அடக்கினால் கிட்னிக்கு என்ன?

நெல்லிக்குப்பம் அக்கா:
எங்க அம்மாவுக்கும் இதே மாத்திரைதான். வலி விட்டது, ஆனால் கணுக்கால் வீங்கியது. டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

லாஸ்பேட்டை வாத்தியார்:
தம்பி, நீங்கள் படித்தது சரி, ஆனால் பாதிதான்.

காக்ஸ்-1 எந்நேரமும் வேலையில் இருப்பது. இரைப்பையின் சளிப்படலம் அதன் தயவில் நிற்கிறது. டைக்ளோஃபெனாக் காக்ஸ்-1, காக்ஸ்-2 இரண்டையும் அடக்கும், அதுதான் அப்பாவின் நெஞ்செரிச்சல். காக்ஸ்-2 கூப்பிட்டால் வரும் ஆள். மூட்டுச் சவ்வில் இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். என்ற வீக்கச் சமிக்ஞைப் புரதங்கள் சேர்ந்ததும் அதன் மரபணு விழித்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் நொதி குவிந்துவிடும். செல் சவ்விலிருந்து பிரிந்த அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை அது பி.ஜி.எச்.2 ஆக்கும், அதை இன்னொரு நொதி பி.ஜி.இ.2 என்ற புரோஸ்டாகிளாண்டின் ஆக்கும். முட்டி சூடாகச் சிவப்பதும், தொட்டாலே சுரீர் என்பதும் இதன் கைங்கரியம்.

ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது என்ற ரகசியத்தை 1971இல் விஞ்ஞானி ஜான் வேன் கண்டார். இரண்டாவது காக்ஸ் 1991 வாக்கில்தான் தெரிந்தது. உடனே 'ஒன்று நல்லது, இரண்டு கெட்டது' என்று எழுதிவைத்துவிட்டார்கள். வகுப்பில் இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்! கிட்னியிலும் மூளையிலும் காக்ஸ்-2 யாரும் கூப்பிடாமலே இருக்கிறது. கிட்னியில் உப்பை வெளியே தள்ள அது உதவுகிறது. அடக்கினால் உப்பும் நீரும் தங்கும், பிரஷர் ஏறும். அக்கா சொன்ன கணுக்கால் வீக்கமும் அதனால் இருக்கலாம்.

ரத்தக்குழாய் விரிய உதவும் புரோஸ்டாசைக்ளினுக்கும் காக்ஸ்-2 வேண்டும். ரத்தத்தை உறையவைக்கும் திராம்பாக்சேன், பிளேட்லெட் என்ற ரத்தத் தட்டுகளில் காக்ஸ்-1 வழியாக வருகிறது. காக்ஸ்-2ஐ மட்டும் அடக்கினால் தராசு உறைதல் பக்கம் சாயும். மாரடைப்பு அபாயத்தால் இதே வகை மாத்திரையான ரோஃபிகாக்சிப்பை 2004இல் சந்தையிலிருந்தே எடுத்தார்கள்.

கடலூர்க்காரன்:
சார், அப்பாவுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. வீட்டில் பழைய டைக்ளோஃபெனாக்கும் கிடக்கிறது.

லாஸ்பேட்டை வாத்தியார்:
கருவாட்டைக் குறைக்கச் சொல்லுங்கள், எல்லாம் உப்பு. அந்த டைக்ளோஃபெனாக்கை இதோடு சேர்த்துப் போடவே வேண்டாம். பிரஷர் 140/90க்கு மேலேயே நின்றால் அடுத்த சீட்டு வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறார் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.