நண்டு அவிக்க ஒரு பாய்லர்: எளிதில் பழுது பார்க்கும் வடிவம் எது?

அண்ணன்மார்களுக்கு வணக்கம். மண்டபத்தில் நீல நண்டை நீராவியில் அவிக்கும் சிறிய கொட்டகை எங்களுடையது. விறகில் ஓடும் பாய்லர் ஒன்று புதிதாகச் செய்யவேண்டும். சீமைக்கருவேல் விறகுக்கு இங்கே பஞ்சமில்லை. தண்ணீர்தான் பிரச்சினை.

எங்கள் போர் தண்ணீரில் உப்பும் அதிகம், சுண்ணாம்பும் அதிகம். பழைய பாய்லரில் புகைக்குழாய்களுக்கு (அடுப்புப் புகை உள்ளே போகும் குழாய்கள்) வெளிப்பக்கம், தண்ணீர் நிற்கும் இடத்தில், வெள்ளைப் படிவம் கல்லாக இறுகிவிட்டது. படிவம் தடித்தால் சூடு தண்ணீருக்குச் சரியாகப் போகாது. குழாய் அளவுக்கு மீறிச் சூடாகிக் கெட்டுவிடும். குழாய்களுக்கு நடுவே கையும் நுழையாது, பிரஷ்ஷும் நுழையாது. குழாய்க்குள் படியும் கரியைத் தட்டுவது மட்டும் சுலபம்.

நேரான குழாய்க்குள் தண்ணீர் ஓடும் வடிவம் என்றால், இரு முனை மூடியையும் கழற்றிப் பிரஷ் விட்டு இழுத்துவிடலாம். ஆனால் அதில் தண்ணீர் கொஞ்சம்தான் நிற்கும், கெட்ட தண்ணீரைத் தாங்காது என்கிறார்கள். எது மேல்?

அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ போதும், நீராவி 111 டிகிரி வரும். 1 கிலோவுக்குக் கீழே பாய்லர் சட்டம் வராது; இருந்தாலும் இரண்டு சேஃப்டி வால்வு, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய், அடியில் சேரும் கழிவைத் திறந்துவிடும் வால்வு கட்டாயம் வைப்பேன்.

அப்புறம், குழாய் முனையை வெல்டிங் செய்வதா, அது செருகும் தகட்டின் துளையில் விரித்து இறுக்குவதா? விரித்தால் ஒரு குழாயை மட்டும் மாற்றலாம் என்று நினைக்கிறேன். மதுரைப் பக்கம் அந்த வேலை தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள். வரைபடம் இருந்தால் இங்கேயே போடுங்கள்.