உப்புநீர்த் தொட்டியில் பச்சை முடிப்பாசி: ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன், ஆனாலும் அடங்கவில்லை

நீலத்தொட்டி, வேளச்சேரி

வணக்கம். நான்கு மாதமாகப் போராடிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொட்டி மூன்றடி. 90 × 45 × 45 செ.மீ. பாறை, மணல் போக ஏறக்குறைய 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். வைத்துப் பதினொரு மாதம் ஆகிறது. பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி, மணலைக் கிளறும் கோபி ஒன்று, மீன்களைச் சுத்தம் செய்யும் சிவப்பு வரி இறால் ஒன்று. பவளம் எதுவும் இல்லை. பாறையெல்லாம் செயற்கைப் பாறை. தொட்டி வைப்பதையே நிறுத்திவிட்ட நண்பர் ஒருவர் கொடுத்தது. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இருக்கிறது. குளிரூட்டி வாங்க வசதிப்படவில்லை. மேலே இரண்டு மின்விசிறி வைத்து 28 டிகிரியில் நிறுத்தியிருக்கிறேன்.

ஆரம்பத்தில் மணலில் பழுப்பாக ஒரு படலம் வந்து தானே போய்விட்டது. அது புதுத் தொட்டியில் வருவதுதான் என்று படித்திருந்ததால் பயப்படவில்லை. இப்போது இருப்பது வேறு. பாறை முழுக்கப் பச்சை முடி. இரண்டு விரல் நீளம். அலை மோட்டார் ஓடும்போது புல்வெளி மாதிரி சாய்கிறது. விருந்தாளிகள் அழகாக இருக்கிறது என்கிறார்கள், எனக்குத்தான் வயிற்றெரிச்சல். பிடுங்கினால் பத்து நாளில் திரும்பவும் அதே நீளம்.

சோதனை அளவுகள் (லிட்டருக்கு மில்லிகிராமில்): நைட்ரேட் 5, பாஸ்பேட் 0. வாரம் 15 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறேன். கலக்குவதும், ஆவியாவதை ஈடுசெய்ய ஊற்றுவதும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்தான். விளக்கு 12 மணி நேரம். உணவு நாளுக்கு ஒரு வேளை, ஒரு சிட்டிகை.

பாஸ்பேட் பூஜ்யம் என்றால் இது எதைத் தின்று வளர்கிறது? கடையில் பாசிக்கொல்லி ஒன்று தருகிறேன் என்கிறார்கள். ஊற்றலாமா?

கரையோரம்

ஊற்றாதீர்கள். நன்னீர்த் தொட்டிக்கென்று விற்கும் பாசிக்கொல்லிகள் சிலவற்றில் தாமிரம் இருக்கிறது. உங்கள் இறால் மறுநாள் காலையில் கவிழ்ந்து கிடக்கும். இறால் தப்பித்தாலும், ஒரே நாளில் செத்த பாசி அத்தனையும் தொட்டிக்குள்ளேயே அழுகும். அது தின்று வைத்திருந்தது முழுவதும் தண்ணீருக்கே திரும்பி வரும்.

முதலில் அது எந்தப் பாசி என்று பாருங்கள். ஒரு கொத்தைப் பிடுங்கி வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுப் போடுங்கள். ஒவ்வொரு இழையிலும் இருபுறமும் கிளை பிரிந்து சின்ன இறகு போல இருந்தால் பிரையோப்சிஸ். அது பிடிவாதக்காரப் பாசி, அதற்கு வைத்தியம் தனி. வெறும் நூலாக இருந்து, வெளியே எடுத்ததும் தொய்ந்து விழுந்தால் சாதாரண முடிப்பாசி.

நீலத்தொட்டி, வேளச்சேரி

கிண்ணத்தில் போட்டுப் பார்த்தேன். இறகு இல்லை, நூல்தான். விளக்குத் திரியை நனைத்துப் பிரித்தது போல இருந்தது. உள்ளேயிருந்து அரிசிக் குருணை அளவில் பூச்சிகள் ஏழெட்டு நெளிந்து வந்தன. பயந்து அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டேன்.

பழைய உப்பு

கொட்டியதும் நல்லதுதான். அந்தப் பூச்சிகள் கழிவைத் தின்பவை. கோபிக்குத் தீனியும் ஆகும்.

பாஸ்பேட் பூஜ்யம் என்பதை நம்பாதீர்கள். உங்கள் சோதனைப் பெட்டி, தண்ணீரில் மிச்சமிருப்பதைத்தான் காட்டும். பாசி விழுங்கியதைக் காட்டாது. ஒன்றாம் தேதி சம்பளம் வந்து மூன்றாம் தேதி தீர்ந்துவிடும் வீட்டில், நான்காம் தேதி பாஸ்புக்கைப் பார்த்து இந்த வீட்டுக்கு வருமானமே இல்லை என்று சொல்வது போன்றது அது. இரண்டு விரல் நீளத்துக்கு வளர்ந்திருக்கிறது என்றால் வரவு நன்றாகவே இருக்கிறது. எந்த வாசல் வழியாக வருகிறது என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்து மூன்று வாசல்: தீனி, தண்ணீர், பாறை. மூன்று கேள்விக்கும் பதில் சொல்லுங்கள்.

ஒன்று, மீனுக்கு உங்களைத் தவிர வேறு யாராவது உணவு போடுகிறார்களா? இரண்டு, அந்த ஆர்.ஓ. தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, எவ்வளவு? மூன்று, நண்பரின் பாறை உங்களிடம் வருமுன் எத்தனை நாள் காய்ந்து கிடந்தது?

தூத்துக்குடிக்காரன்

இவ்வளவு எதற்கு? எங்கள் ஊர் ஓரா மீன் ஒன்று விடுங்கள். ஒரு வாரத்தில் பாறையை மொட்டையடித்துவிடும்.

கரையோரம்

அண்ணா, ஓரா பாசி தின்னும் என்பது சரி. ஆனால் அது ஒரு அடி வளரும் மீன். மூன்றடித் தொட்டியில் விட்டால் எருமையைத் திண்ணையில் கட்டியது போலத்தான். துடுப்பு முள்ளில் விஷம் வேறு. தொட்டிக்குள் கைவிட்டுப் பாசி பிடுங்குகிறவருக்கு அதுவா பரிசு?

தூத்துக்குடிக்காரன்

முள் குத்தினால் கடுப்பு இரண்டு மணி நேரம் நிற்கும், பட்டவன் சொல்கிறேன். சரி, விட்டுவிடுங்கள். குழம்புக்கே இருக்கட்டும். ஆனால் அந்தச் செயற்கைப் பாறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ராமேஸ்வரம் பக்கம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளப் பாறை நான்கு எடுத்து வையுங்கள். இயற்கைப் பாறைக்கு ஈடு இல்லை.

பழைய உப்பு

அதை மட்டும் செய்யாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடினப் பவளங்கள் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்தது, கரை ஒதுங்கியது என்ற சாக்குச் செல்லாது; துண்டை எடுத்து வந்தாலும் குற்றம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. சட்டத்தை விடுங்கள்: அந்தப் பாறைக்காகத்தான் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்க்குப் பவளத்தை வெட்டி வெட்டித் தீவுக்கரையே அரித்துப்போனது. நமக்குச் சுட்ட மண் பாறை போதும்.

நீலத்தொட்டி, வேளச்சேரி

ஐயா, மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. மூன்றும் என்னைத் தலைகுனிய வைக்கின்றன.

முதலாவது, என் மாமனார். காலையில் நடைப்பயிற்சி முடிந்து வந்ததும், நான் எழுவதற்கு முன்பே, ஒரு சிட்டிகை போடுகிறாராம். அவர் சிட்டிகை என்பது நம்முடைய அரைக் கரண்டி. "என்னைப் பார்த்ததும் ஓடி வருகிறதம்மா, பட்டினி போட மனசு வரவில்லை" என்றார். ஐந்து மாதமாக நடக்கிறது.

இரண்டாவது, எதிர்வீட்டில் டிடிஎஸ் மீட்டர் இரவல் வாங்கி அளந்தேன். எங்கள் குழாய்த் தண்ணீர் 1,100. ஆர்.ஓ. தண்ணீர் 92. நான் பத்துக்குக் கீழே இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியே நைட்ரேட் சோதனையும் செய்து பார்த்தேன். 15 காட்டுகிறது! தொட்டியில் 5, நான் ஊற்றும் "சுத்தமான" தண்ணீரில் 15.

மூன்றாவது, பாறை ஆறு மாதம் மொட்டை மாடியில் சாக்கில் கிடந்ததாம். கழுவாமல் கொடுத்திருக்கிறார், நானும் கழுவாமல் வைத்துவிட்டேன்.

பழைய உப்பு

ஆக மூன்று வாசலும் திறந்திருக்கின்றன. அவற்றில் பெரியது தண்ணீர்தான்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் நாம் குடிப்பதற்காகச் செய்தது. மெம்பிரேன் என்ற சவ்வில் வடிகட்டிய தண்ணீர் ருசியில்லாமல் இருக்கும் என்று, வடிகட்டாததில் கொஞ்சத்தை அதோடு திரும்பக் கலக்கும் ஒரு திருகு உள்ளே இருக்கும்; டிடிஎஸ் கன்ட்ரோலர் என்பார்கள். சிலவற்றில் தாதுப்பு சேர்க்கும் குப்பியும் இருக்கும். குடிக்கிறவருக்கு நல்லது, தொட்டிக்குக் கேடு. அதோடு நைட்ரேட் மற்ற உப்புகளைப் போல மெம்பிரேனில் அவ்வளவு எளிதாகத் தடைபடாது. போர் தண்ணீரில் அது மிகுந்திருந்தால் ஒரு பங்கு கடந்து வரத்தான் செய்யும்.

இனிக் கணக்குப் பாருங்கள். இரண்டு மின்விசிறி ஓடும் தொட்டியில் நாளுக்கு எவ்வளவு ஊற்றுகிறீர்கள்? மூன்று லிட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். லிட்டருக்கு 15 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். 150 லிட்டரில் அது 0.3. மாதத்துக்கு 9. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். நைட்ரேட் போகாது, தங்கும். வாரம் 15 லிட்டர் மாற்றியும் குறையவில்லை என்கிறீர்களே, மாற்றும் தண்ணீரும் இதே குழாயிலிருந்து வருவதுதானே.

கேன் தண்ணீருக்கு மாறலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். அதிலும் தாது கலக்கிறார்கள்.

நீலத்தொட்டி, வேளச்சேரி

மூன்று லிட்டர் என்று எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்? வெயில் நாளில் மூன்றரை. அந்தத் திருகை மூடிவிடட்டுமா?

பழைய உப்பு

குடும்பம் குடிக்கும் தண்ணீரில் கை வைக்காதீர்கள். மெம்பிரேனிலிருந்து வெளிவரும் குழாயில், கலப்புக்கு முன்னால், ஒரு டி இணைப்புப் போட்டுத் தனிக் குழாய் எடுக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தைச் சரிபார்க்க வருபவரே கால் மணி நேரத்தில் செய்துவிடுவார். அந்தக் குழாயின் முனையில், மிச்சமிருக்கும் உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குப்பி ஒன்று. கொளத்தூரில் உப்புநீர் மீன் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். நிறம் மாறும் ரெசினாக வாங்குங்கள். தீர்ந்துபோனால் கண்ணுக்கே தெரியும். டிடிஎஸ் பூஜ்யம் காட்ட வேண்டும். ஐந்தா பத்தா என்று சமாதானம் ஆகாதீர்கள்.

பாறைக்கு: தண்ணீர் மாற்றும் நாளில் எடுத்த பழைய தண்ணீரை வாளியில் வைத்துக்கொண்டு, பாறைகளை ஒவ்வொன்றாக அதற்குள் முக்கி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, இன்னொரு வாளியில் அலசி உள்ளே வையுங்கள். தொட்டிக்குள்ளேயே வைத்துத் தேய்த்தால் பிய்ந்த துண்டுகள் மூலைக்கு மூலை விதையாகும். எல்லாப் பாறையையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். கழிவை முறிக்கும் பாக்டீரியா குடியிருப்பது அதில்தான். வாரம் மூன்றில் ஒரு பங்கு போதும்.

விளக்கு 8 மணி நேரம். பவளமே இல்லாத தொட்டிக்கு 12 மணி நேர வெளிச்சம் பாசியைத் தவிர வேறு யாருக்கும் தேவையில்லை.

கரையோரம்

இரும்பு ஆக்சைடு குருணையைப் பற்றி ஒரு வார்த்தை. பாஸ்பேட்டை ஈர்க்கும் என்று யாராவது சொல்வார்கள், ஈர்க்கும், உண்மைதான். ஆவேசத்தில் பை நிறையப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் அடியோடு வற்றி, முடிப்பாசி போன இடத்தில் டைனோஃபிளாஜெல்லேட் வந்தது. பழுப்புச் சளி, நுனியில் காற்றுக்குமிழ் தொங்கும், இரவில் மறையும், பகலில் திரும்பி வரும். அதைத் தின்ற நத்தைகள் செத்தன. ஏழு மாதம் அழுதேன். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்துவிட்டுப் போகட்டும். பூஜ்யம் வேண்டியது ஊற்றும் தண்ணீரில் மட்டும்தான்.

நத்தை விடுவதாக இருந்தால் பிரஷ் வேலை முடிந்த பிறகு விடுங்கள். நீண்ட முடியை அவை தொடாது. குட்டையாக முளைப்பதைத்தான் சுரண்டும்.

நீலத்தொட்டி, வேளச்சேரி (மூன்று வாரம் கழித்து)

தனிக் குழாய் போட்டாயிற்று. மெம்பிரேனிலிருந்து நேராக வருவது 41. ரெசின் குப்பிக்குப் பிறகு 0. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று குழாய்த் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், 1,100 காட்டியது. நன்றாகத்தான் இருக்கிறது.

மாமனாருக்கு ஒரு வாரத்துக்கான ஏழு சின்னப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டேன். இனிக் காலை வேளை அவருடையது, நான் போடுவதில்லை. முதல் நாள் "இது போதுமா?" என்று பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது பழகிவிட்டது.

பாறை தேய்த்ததுதான் பெரும்பாடு. வாளித் தண்ணீர் கீரை மசித்த மாதிரி ஆனது. வீடு முழுக்க, வற்று நேரத்துக் கடற்கரை வாடை. மூன்று வாரத்தில் எல்லாப் பாறையும் ஒரு சுற்று முடிந்தது. இரண்டு பாறையில் முளைக்கவே இல்லை. ஆனால் நடுவிலிருக்கும் பெரிய பாறையில் மட்டும் திரும்பவும் வருகிறது, முன்பைப் போலவே அடர்த்தியாக. தண்ணீர் ஒன்றுதான், விளக்கு ஒன்றுதான், அதற்கு மட்டும் என்ன?

பழைய உப்பு

அந்தப் பாறைதான் சாக்கில் அடியில் கிடந்திருக்கும். மாடியில் காய்ந்தபோது அதன் துளைகளில் செத்ததெல்லாம் உள்ளேயே இருக்கிறது. பாறையே பாஸ்பேட்டைக் கசியவிடுகிறது. வெளியே எடுத்துவிடுங்கள். மூடி போட்ட வாளியில் உப்புநீர், ஒரு சின்ன மோட்டார், இருட்டு. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி, அதில் பாஸ்பேட் அளந்துகொண்டே வாருங்கள். ஆறு வாரமோ எட்டு வாரமோ ஆகும்.

நீலத்தொட்டி, வேளச்சேரி (மேலும் இரண்டு மாதம் கழித்து)

வாளியில் முதல் வாரம் பாஸ்பேட் 0.5. ஏழாம் வாரம் 0.05. போன ஞாயிறு பாறையைத் திரும்ப வைத்தேன். கோமாளி ஜோடி அதன் பழைய பொந்தை ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் குடியேறிவிட்டது.

தொட்டியில் இன்றைக்கு நைட்ரேட் 6, பாஸ்பேட் 0.04. முன்பு பூஜ்யம் காட்டியபோது காடு. இப்போது அளவு தெரிகிறது, பாசி இல்லை. ஐந்து நத்தை விட்டேன், ஐந்தும் இருக்கின்றன. கண்ணாடியில் தூசி போல வரும் பச்சையை மூன்று நாளுக்கு ஒருமுறை துடைக்கிறேன். ஸ்கிம்மர் குழாயின் பின்புறம் ஒரு கொத்து மட்டும் மிச்சம். நத்தை அங்கே ஏறாது, பிரஷ்ஷும் எட்டாது.

தூத்துக்குடிக்காரன்

பழைய பிரஷ்ஷின் கழுத்தை மெழுகுவத்தியில் காட்டி வளைத்துக்கொள்ளுங்கள். எட்டும்.

நீலத்தொட்டி, வேளச்சேரி

எட்டியது, அண்ணா.